மருத்துவப் படிமங்களில் ஊடாட்டப் பகுதிபிரிப்பு முறைகளை மதிப்பிடுதல்: ஜெர்மானியக் கல்லீரல் படிம ஆய்வுகளை முன்வைத்து

1. முன்னுரை

உயிருள்ள கொடையாளரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து நோயாளிக்குப் பொருத்தும் அறுவை மருத்துவத்தில், அறுவைக்கு முன்பே ஓர் எண் கணிக்கப்பட வேண்டும். பொருத்தப்படும் பகுதியின் எடை, பெறுபவருடைய உடல் எடையில் ஏறத்தாழ 0.8 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் நலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டு அளவு. 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு இது 480 கிராம் ஆகும். கொடையாளரிடம் எஞ்சும் பகுதியும் அவருக்குப் போதுமானதாக இருத்தல் வேண்டும். உடலைத் திறக்காமல் இவ்வெடையை அறிவதற்குச் சி.டி. படிமங்களில் கல்லீரலின் எல்லையை வரைந்து, அதன் கனஅளவைக் கணக்கிடுவதே வழி. எல்லை பிழைத்தால் எண் பிழைக்கும். எண் பிழைத்தால் இருவரின் உயிருக்கும் இடர் நேரும்.

இந்த எல்லையைக் கையால் மட்டும் வரைவது காலத்தை விழுங்கும் வேலை. முழுவதையும் கணினியிடம் விட்டுவிட்டால், அது தவறும் இடம் தெரியாமற்போகலாம். இரண்டிற்கும் இடைப்பட்டது, மருத்துவரும் கணினியும் மாறிமாறிச் செயற்படும் ஊடாட்ட முறை. அத்தகைய முறைகளுள் எது சிறந்தது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது என்ற வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஐடல்பெர்க், பெர்லின், பிரேமன், டூபிங்கன், மியூனிக் ஆகிய ஜெர்மானிய நகரங்களின் ஆய்வு நிறுவனங்கள் இத்துறைக்கு அளித்த பங்களிப்புகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஊடாட்ட முறையின் தரம் என்பது கருவியின் தரம் மட்டுமன்று. மனிதரும் கருவியும் இணைந்த இணையின் தரம். எனவே இறுதிப் படத்தை மட்டும் அளக்கும் மதிப்பீடு நிறைவுடையதாகாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. பகுதிபிரிப்பு: பொருளும் கலைச்சொல்லும்

சி.டி. படிமம் என்பது எண்களின் அடுக்கு. ஒவ்வொரு குறுக்குவெட்டும் வழக்கமாக 512 × 512 படப்புள்ளிகளைக் கொண்டது; அவ்வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது ஒவ்வொரு புள்ளியும் கனப்புள்ளி ஆகிறது. ஒவ்வொரு கனப்புள்ளியும் குறித்த உறுப்பைச் சேர்ந்ததா இல்லையா என முடிவுசெய்வதே பகுதிபிரிப்பு. கல்லீரலுக்கு இது எளிதன்று. இரைப்பை, இதயம், வலச் சிறுநீரகம் ஆகியவை அதனை ஒட்டியுள்ளன. சில இடங்களில் அவற்றின் சாம்பல்நிறச் செறிவு கல்லீரலின் செறிவோடு கலந்து விடுகிறது. கட்டிகள் இருப்பின் உள்ளே செறிவு மாறுபடும்.

இங்குத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஒரு கருத்தும் இன்றியமையாதது. இச்செயலைக் ‘கூறாக்கம்’ என்றும் ‘துண்டாக்கம்’ என்றும் சொல்லலாம். ஆயினும் கல்லீரல் அறுவையில் ‘கூறு’ என்பதற்குத் தனிப்பொருள் தேவைப்படுகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் குளோது குயினோ வகுத்தபடி கல்லீரல் எட்டுக் கூறுகளாகக் கொள்ளப்படுகிறது. படிமத்தில் கல்லீரலைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்தறிவதும், கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பகுப்பதும் வெவ்வேறு செயல்கள். ‘துண்டாக்கம்’ என்னும் சொல்லோ வெட்டியெடுத்தலோடு மயங்கும். எனவே படிமச் செயலைப் ‘பகுதிபிரிப்பு’ என்றும், உடற்கூற்றியல் அலகைக் ‘கூறு’ என்றும் வழங்குவது பொருள்மயக்கத்தைத் தவிர்க்கும். இக்கட்டுரை அவ்வழக்கையே மேற்கொள்கிறது.

3. ஊடாட்டத்தின் தேவை

பிரேமன் நகரில் கணிதவியலாளர் ஐன்ஸ் ஓட்டோ பைட்கன் 1995இல் நிறுவிய மெவிஸ் மையம், கல்லீரல் அறுவைத் திட்டமிடலில் முன்னோடியாக விளங்கியது; 2009இல் அது பிரான்ஹோபர் கழகத்தின் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. கல்லீரல், அதன் கட்டிகள், நாளங்கள் ஆகியவற்றைப் படிமத்திலிருந்து பிரித்து, எந்த நாளம் எந்தப் பரப்பிற்குக் குருதி அளிக்கிறது எனக் கணித்து, அறுவை மருத்துவருக்கு முப்பரிமாண வடிவில் அளிப்பது அங்கு வளர்க்கப்பட்ட முறை. இத்தகைய பணியில் கணினியின் முடிவை மனிதர் பார்த்துத் திருத்தும் வாய்ப்பு இன்றியமையாதது.

ஊடாட்டம் பல வடிவங்களை எடுக்கலாம். உறுப்பின் உள்ளே ஒரு புள்ளியைச் சொடுக்குதல், உள்ளும் புறமும் சில கோடுகளைக் கிறுக்குதல், பெட்டியிட்டுக் காட்டுதல், சில வெட்டுகளில் மட்டும் எல்லையை வரைந்து இடைவெட்டுகளைக் கணினிக்கு விடுதல், கணினி வரைந்த பரப்பைப் பிடித்து இழுத்துத் திருத்துதல் என அவை விரியும். ஒரு முறை மூன்று சொடுக்குகளோடு நின்றுவிடும். மற்றொன்று பத்து நிமிட உழைப்பைக் கோரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எப்படி என்பதுதான் மதிப்பீட்டின் சிக்கல்.

4. 2007ஆம் ஆண்டின் ஒப்பீடு

2007 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மருத்துவப் படிமக் கணிப்பு மாநாட்டை ஒட்டி ஒரு போட்டிப் பயிலரங்கு நடைபெற்றது. ஐடல்பெர்க்கிலுள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டோபியாஸ் ஐமன், நெதர்லாந்தின் பிராம் வான் கின்னகன், அமெரிக்காவில் பணியாற்றிய மார்ட்டின் ஸ்டைனர் ஆகியோர் அதனை அமைத்தனர். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு குழுவும் தன்னிடமிருந்த படிமங்களில் தன் முறையைத் தானே சோதித்து, தானே பாராட்டிக்கொள்ளும் நிலை இருந்தது. ஒருவரின் 95 விழுக்காட்டை மற்றொருவரின் 93 விழுக்காட்டோடு ஒப்பிட இடமில்லை. படிமங்கள் வேறு, ஒப்புநிலை வரைவுகள் வேறு, அளவைகளும் வேறு.

பயிலரங்கு இதனை மாற்றியது. கல்லீரல் பிரிவில் 20 படிமத் தொகுதிகள் ஒப்புநிலை வரைவுகளுடன் பயிற்சிக்காக அளிக்கப்பட்டன. 10 தொகுதிகள் சோதனைக்காக வரைவுகளின்றி அளிக்கப்பட்டன. பெரும்பாலான கல்லீரல்கள் கட்டி, நீர்க்கட்டி போன்ற நோய்க்குறிகளைக் கொண்டவை; எளிய படிமங்களைத் தேர்ந்து வெற்றி காட்டும் வழி இங்கு அடைக்கப்பட்டது. 16 குழுக்களின் முறைகள் ஒப்பிடப்பட்டன; அவற்றுள் 10 தானியங்கி முறைகள், 6 ஊடாட்ட முறைகள். விரிவான ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது.

முடிவுகள் இருபுறமும் சிந்திக்கத் தூண்டுபவை. ஊடாட்ட முறைகள் சராசரியில் உயர்ந்த மதிப்பெண் பெற்றன; அவற்றின் தரம் படிமத்திற்குப் படிமம் அதிகம் ஊசலாடவில்லை. ஆயினும் சிறந்த தானியங்கி முறைகள் பெரும்பாலான சோதனைப் படிமங்களில் அவற்றிற்கு ஈடுகொடுத்தன. பயிலரங்கில் தானியங்கிப் பிரிவில் முதலிடம் பெற்றது பெர்லினிலுள்ள சூசே நிறுவனத்தின் முறை. கல்லீரல் வடிவத்தின் புள்ளியியல் மாதிரியைப் படிமத்தில் பொருத்தி, பின்னர் அப்பரப்பைத் தடையின்றி நெகிழவிடும் உத்தியை அது கையாண்டது.

ஊடாட்டத்தின் உண்மையான பயன் இங்கு வெளிப்படுகிறது. வழக்கமான கல்லீரலில் மனிதத் துணையால் பெறும் ஆதாயம் சிறிது. வடிவம் பிறழ்ந்த, கட்டி நிறைந்த கல்லீரலில் அது பெரிது. சராசரி என்னும் ஒற்றை எண் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். மிக மோசமான படிமத்தில் ஒரு முறை எவ்வாறு நடந்துகொண்டது என்பதே மருத்துவமனைக்குத் தேவையான செய்தி.

5. மனித வேறுபாடே அளவுகோல்

அப்பயிலரங்கின் நிலைத்த பங்களிப்பு அதன் மதிப்பெண் முறை. ஐந்து அளவைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன: கனஅளவு மேற்பொருந்தற் பிழை, கனஅளவு வேறுபாடு, இரு பரப்புகளுக்கு இடைப்பட்ட சராசரித் தொலைவு, அத்தொலைவின் இருபடிச் சராசரி மூலம், மிகுதியான தொலைவு. இவை விழுக்காட்டிலும் மில்லிமீட்டரிலும் அமைவதால் நேரடியாகக் கூட்ட இயலாது. எனவே ஒவ்வொன்றும் மனித வேறுபாட்டை அலகாகக் கொண்டு மதிப்பெண்ணாக மாற்றப்பட்டது.

ஒப்புநிலை வரைவை ஒருவர் உருவாக்கிய பின், மற்றொருவர் அதே படிமங்களில் சிலவற்றைத் தனித்து வரைந்தார். இருவருக்கும் இடைப்பட்ட வேறுபாடு மேற்பொருந்தலில் 6.4 விழுக்காடு, கனஅளவில் 4.7 விழுக்காடு, சராசரித் தொலைவில் 1 மில்லிமீட்டர் எனக் கொள்ளப்பட்டது. பிழையே இல்லாத முடிவுக்கு 100 மதிப்பெண். மனித வேறுபாட்டிற்கு ஒத்த பிழைக்கு 75. பிழை இருமடங்கானால் 50, நான்கு மடங்கானால் சுழியம். அதாவது மேற்பொருந்தற் பிழை 12.8 விழுக்காடாயின் 50 மதிப்பெண், 25.6 விழுக்காடாயின் மதிப்பெண் இல்லை.

இதன் உட்பொருள் ஆழமானது. மேற்பொருந்தலைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் டைஸ் குறியெண்ணுக்கு மாற்றினால், 6.4 விழுக்காட்டுப் பிழை ஏறத்தாழ 0.967 ஆகும். இரு மனிதர்களே 0.967 அளவில்தான் உடன்படுகிறார்கள் எனில், 0.970 பெற்ற முறை 0.968 பெற்ற முறையினும் சிறந்தது என்ற கூற்றுக்குப் பொருளில்லை. இரண்டும் ஒப்புநிலை வரைவின் ஐயப்பாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னுரையிற் கண்ட 480 கிராமுக்கு 4.7 விழுக்காடு என்பது ஏறத்தாழ 23 கிராம். அறுவை மருத்துவர் அந்த எண்ணை வாசிக்கும்போது அதன் இருபுறமும் இத்தகைய விளிம்பு உண்டு என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

6. ஒற்றை எண்ணின் குறைகள்

டைஸ் குறியெண் என்பது இரு பகுதிகளின் பொதுப்பரப்பை இரட்டித்து, இரண்டின் மொத்தத்தால் வகுத்துப் பெறுவது. முழு உடன்பாடு 1, உடன்பாடின்மை 0. எளிமையால் அது எங்கும் பரவியது. ஆயினும் அதன் இயல்பை அறியாது பயன்படுத்துவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

முதலாவது, அது மிகையையும் குறையையும் ஒரே நிறையில் வைப்பதில்லை. உண்மைப் பகுதி 100 கனப்புள்ளிகள் எனக் கொள்வோம். ஒரு முறை அவற்றுள் 80ஐ மட்டும் காட்டினால் குறியெண் 0.889. மற்றொரு முறை 100ஐயும் காட்டி, வெளியே மேலும் 20ஐச் சேர்த்துக்கொண்டால் குறியெண் 0.909. பிழை இரண்டிலும் 20தான். ஆனால் மிகையாகக் காட்டிய முறையே முந்துகிறது. கொடையாளருக்கு எஞ்சும் கல்லீரலை மிகையாகக் காட்டுவது குறைவாகக் காட்டுவதைவிட ஆபத்தானது என்பதைக் கருதினால், இவ்வளவை மருத்துவத் தேவைக்கு எதிர்த்திசையில் பரிசளிப்பது புலனாகும்.

இரண்டாவது, பெரிய உறுப்பில் சிறிய ஆனால் முதன்மையான பிழை மறைந்துவிடும். 1,00,000 கனப்புள்ளிகள் கொண்ட கல்லீரலின் விளிம்பிலுள்ள 1,000 கனப்புள்ளிக் கட்டியை ஒரு முறை முற்றிலும் விட்டுவிட்டாலும் குறியெண் 0.995 ஆகவே நிற்கும். மிகுதியான தொலைவு என்னும் அளவை இங்கு எச்சரிக்கை செய்யக்கூடும். ஐந்து அளவைகளைச் சேர்த்து நோக்கியதன் தேவை இதனால் விளங்கும்.

ஐடல்பெர்க்கின் லேனா மையர்-ஐன் தலைமையிலான குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 150 உயிர்மருத்துவப் படிமப் போட்டிகளைப் பரிசீலித்தனர். அளவையை மாற்றினாலும், மதிப்பெண்களைத் தொகுக்கும் முறையை மாற்றினாலும், ஒப்புநிலை வரைந்தவரை மாற்றினாலும் வெற்றியாளர் மாறக்கூடும் என அவ்வாய்வு காட்டியது. இதன் தொடர்ச்சியாகப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று உருவாக்கிய அளவைத் தேர்வு வழிகாட்டி 2024இல் வெளியாயிற்று. எல்லோரும் பயன்படுத்துவதால் ஓர் அளவையைத் தேர்வதை விடுத்து, மருத்துவ வினாவின் தன்மையிலிருந்து தொடங்கி அளவையை அடைய வேண்டும் என்பது அதன் நெறி.

7. துல்லியம், மீள்தன்மை, உழைப்பு

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜெயராம் உடுப்பாவும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் முன்வைத்த சட்டகம், பகுதிபிரிப்பை மூன்று கோணங்களில் மதிப்பிட வேண்டும் என வலியுறுத்தியது: துல்லியம், மீள்தன்மை, திறன். ஊடாட்ட முறைகளுக்கு இம்மூன்றும் இன்றியமையாதவை.

துல்லியம் மட்டும் போதாமைக்குக் காரணம் எளிது. போதிய நேரம் கொடுத்தால் எந்தக் கருவியைக் கொண்டும் மனிதர் தாம் விரும்பும் எல்லையை அடைந்துவிடுவார். அப்போது இறுதிப் படத்தின் மதிப்பெண் கருவியை அளப்பதில்லை. பயன்படுத்தியவரின் பொறுமையையே அளக்கிறது. ஒரு முறை 20 நிமிடத்தில் 0.95ஐயும், மற்றொன்று 3 நிமிடத்தில் 0.94ஐயும் அடைந்தன எனக் கொள்வோம். இறுதி எண்படி முன்னது வென்றது. நாள்தோறும் பல நோயாளிகளின் படிமங்களைக் காணும் மருத்துவமனைக்கோ பின்னதே உகந்தது. 2007ஆம் ஆண்டுப் பயிலரங்கின் ஐந்து அளவைகளும் வடிவியல் சார்ந்தவை. உழைப்பு அம்மதிப்பெண்ணில் இடம்பெறவில்லை. ஊடாட்ட முறைகளைத் தமக்குள் ஒப்பிட முனைவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சொடுக்கின் பின்னும் துல்லியம் எவ்வாறு உயர்கிறது என்று வளைவரையாகக் காட்டுவது இக்குறையை நீக்கும் வழி.

மீள்தன்மை என்பது அதே படிமத்தை வேறொருவரோ, அவரே வேறொரு நாளோ செய்யும்போது அதே முடிவு கிடைக்கிறதா என்னும் வினா. கட்டி மருந்தால் சுருங்கியதா என்று அறிய இரு மாதம் கழித்து மீண்டும் அளக்கும்போது, அளவீட்டு வேறுபாடு சுருக்கத்தைவிடப் பெரிதாயின் மருத்துவ முடிவுக்கு அடிப்படை இல்லை. கையால் வரைவதினும் ஊடாட்டக் கருவி இவ்வேறுபாட்டைக் குறைத்தால், துல்லியத்தில் ஈடாக இருந்தாலும் அது முன்னேற்றமே.

உழைப்பை அளப்பதிலும் கவனம் தேவை. முதற்படிமத்தில் தடுமாறுபவர் பத்தாம் படிமத்தில் விரைவார். எனவே கருவிகளின் வரிசை பயனருக்குப் பயனர் மாற்றப்பட வேண்டும். கணினி முன்கூட்டி வரைந்த எல்லையைக் கண்டவர் அதனை ஏற்கும் பக்கமே சாய்வார். ஆகவே மதிப்பிடப்படும் கருவியைக் கொண்டே ஒப்புநிலை வரைவையும் உருவாக்குதல் ஆகாது.

8. போலிப் பயனர்

மனிதரைக் கொண்டு சோதிப்பது செலவும் காலமும் மிகுந்தது. இதற்கு மாற்றாக மனிதரைப்போல் நடந்துகொள்ளும் நிரலை உருவாக்கும் எண்ணம் எழுந்தது. டூபிங்கனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த அன்னஸ் நிக்கிஷும் கார்ஸ்டன் ரோதர் முதலிய உடன் ஆய்வாளர்களும் இப்பொருளில் எழுதிய கட்டுரை, 2010 டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற இந்தியக் கணினிப் பார்வை மாநாட்டில் இடம்பெற்றது. அது பொதுப் புகைப்படங்களைப் பற்றியதாயினும், அதன் வினா மருத்துவப் படிமத்திற்கும் பொருந்தும். முன்கூட்டியே வரைந்துவைத்த மாறாத கோடுகளைக் கொண்டு ஊடாட்ட முறையைச் சோதிப்பது, உரையாடலில் ஒருவரின் பேச்சை மட்டும் பதிவுசெய்து ஓடவிடுவது போன்றது. கணினியின் விடையைக் கண்டு மனிதர் தம் அடுத்த செயலை மாற்றிக்கொள்கிறார் என்பது அங்கு விடுபட்டுப் போகிறது.

போலிப் பயனர் ஒவ்வொரு சுற்றிலும் கணினியின் முடிவை ஒப்புநிலை வரைவோடு ஒப்பிட்டு, பெரும்பிழை உள்ள இடத்தில் அடுத்த திருத்தத்தை இடுகிறது. இவ்வழி ஆயிரக்கணக்கான சோதனைகளைக் களைப்பின்றி, ஒரே சீராக நடத்தலாம். ஆயினும் அதனிடம் மனிதருக்கில்லாத ஒன்று உண்டு: சரியான விடை. மனிதர் விடையறியாமல் தேடுகிறார். எல்லை மங்கலான இடத்தில் பிழை இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. பிழையின் நடுவே சொடுக்காமல் ஓரத்தில் சொடுக்குகிறார். சில வேளை தவறியும் சொடுக்குகிறார். ஆகவே போலிப் பயனர் தரும் மதிப்பெண்ணை அடையத்தக்க உயர் நிலையாகக் கொள்ளலாமேயன்றி, மருத்துவமனையில் கிடைக்கும் தரமாகக் கொள்ளலாகாது.

9. ஆழ்கற்றலுக்குப் பின்

2017இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பங்கேற்போடு அமைந்த கல்லீரல் கட்டிப் போட்டி, 131 பயிற்சித் தொகுதிகளையும் 70 சோதனைத் தொகுதிகளையும் கொண்டிருந்தது. அதற்குள் ஆழ்கற்றல் தானியங்கி முறைகள் களத்தில் முந்திவிட்டன. ஐடல்பெர்க்கில் உருவாகி 2021இல் முழுமையாக வெளியான என்.என்.யூ-நெட் என்னும் கட்டமைப்பு, தரவின் இயல்புக்கேற்பத் தன்னைத் தானே அமைத்துக்கொண்டு பல உறுப்புகளுக்கும் பயன்பட்டது. ஊடாட்டத்தின் காலம் முடிந்தது எனத் தோன்றிய நிலை அது.

ஆனால் பயிற்சியில் காணாத நோயும் காணாத உறுப்பும் வந்தபோது மனிதத் துணை மீண்டும் தேவையாயிற்று. அதே ஐடல்பெர்க் மையம் 2025இல் வெளியிட்ட என்.என்.இன்டராக்டிவ், 120க்கு மேற்பட்ட முப்பரிமாணத் தரவுத் தொகுப்புகளில் பயிற்றப்பட்டது. புள்ளி, கிறுக்கல், பெட்டி, சுற்றுவளையம் ஆகியவற்றை ஏற்று, முழுக் கனப்பரப்பையும் திருத்துவது அது. கருவி வலிமை பெறுந்தோறும் மதிப்பீட்டின் பொறுப்பும் கூடுகிறது. ஒரே சொடுக்கில் நம்பத்தகுந்த தோற்றமுடைய எல்லையைத் தரும் கருவியிடம், மருத்துவர் உற்றுநோக்குவதை நிறுத்திவிடக்கூடும். ‘எத்தனை சொடுக்கில் சரியாயிற்று’ என்ற வினாவோடு, ‘தவறாக இருந்தபோது பயனர் அதனைக் கண்டுகொண்டாரா’ என்ற வினாவும் இனி மதிப்பீட்டில் இடம்பெறுதல் தகும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் ஊடாட்டப் பகுதிபிரிப்பு முறை பற்றிய அறிக்கையை வாசிப்போர் எதிர்பார்க்க வேண்டியவை தெளிவாகின்றன. ஒப்புநிலை வரைவை யார், எக்கருவி கொண்டு உருவாக்கினர் என்பது சொல்லப்பட வேண்டும். மனிதர்களுக்குள் நிலவும் வேறுபாடு அதே படிமங்களில் அளக்கப்பட்டு அளவுகோலாக வைக்கப்பட வேண்டும். சராசரியோடு மிக மோசமான முடிவும் காட்டப்பட வேண்டும். அளவை மருத்துவ வினாவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நேரமும் திருத்தங்களின் எண்ணிக்கையும் துல்லியத்தோடு சேர்த்துத் தரப்பட வேண்டும். போலிப் பயனரின் முடிவு, சிறு அளவிலேனும் உண்மைப் பயனரால் சரிபார்க்கப்பட வேண்டும்.

உறுப்பு மாற்று அறுவை மருத்துவம் வளர்ந்துள்ள தமிழ்நாட்டிற்கும் இவ்வினாக்கள் அயலானவையல்ல. வேற்றுநாட்டுத் தரவில் பயின்ற கருவி இங்கு வந்து சேரும்போது, அதன் விளம்பர எண்ணை ஏற்பதா, இங்குள்ள படிமங்களிலும் இங்குள்ள மருத்துவர்களின் கையிலும் அதனை மீண்டும் அளப்பதா என்ற தெரிவு எழும். இரண்டாவதைத் தேர்வதற்கு முதலில் தேவைப்படுவது, உள்ளூர் மருத்துவர் இருவர் ஒரே படிமத்தைத் தனித்தனியே வரைந்து தம் வேறுபாட்டை அறிந்துகொள்வது. அந்த எண் இல்லாமல் வேறெந்த எண்ணுக்கும் பொருள் காண இயலாது.